கடல் தெரியாத அறை

டைல்ஸ் முதலாளி கதவைத் திறப்பதற்குள் உள்ளே தாழ்ப்பாள், சங்கிலி, பூட்டு என்று ஒன்றன்பின் ஒன்றாகச் சத்தம் கேட்டது.

"பேங்க் லாக்கரைத் திறக்கக்கூட இவ்வளவு நேரம் ஆகாது அண்ணி" என்று முணுமுணுத்தான் ரேடியோ.

ரேடியோ என்பது வீட்டில் வைத்த பெயர் இல்லை. வாயை மூடத் தெரியாததால் ஊர் வைத்தது. அண்ணிக்கு அவன் கணவரின் தம்பி. இன்ஷூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கணக்கு காட்டுகிறவர்களைப் பிடிக்கும் வேலையில் இருந்தவள் அண்ணி. அதை விட்டுவிட்டுச் சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் திறந்தபோது, சும்மா சுற்றிக்கொண்டிருந்த கொழுந்தனையும் கூடச் சேர்த்துக்கொண்டாள். அவன் ஓயாமல் 'அண்ணி, அண்ணி' என்று கூப்பிடுவதைக் கேட்டு, வருகிற கட்சிக்காரர்களும் ஸ்டேஷன் இன்ஸ்பெக்டரும்கூட அப்படியே கூப்பிட ஆரம்பித்துவிட்டார்கள்.

கதவு திறந்தது. போன் போட்டு அவர்களை வரவழைத்த டைல்ஸ் கடை முதலாளிக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். மடிப்புக் கலையாத சட்டை. முகம் பார்க்கலாம் போலப் பளபளத்த கறுப்பு ஷூ. இருவரையும் உள்ளே இழுக்காத குறையாக வரவேற்று, மறுபடி எல்லாவற்றையும் பூட்டினார்.

டாக்டர் ஓய்வெடுக்கச் சொன்னாராம். தனியாக எங்காவது போய் இருக்கலாம் என்று இந்தச் சின்னக் கடலோர விடுதிக்கு வந்தாராம். இந்த ஊருக்கே இதுதான் முதல் தடவையாம். வந்ததிலிருந்து அறைக்குள் யாரோ புகுந்து பெண்கள் உபயோகிக்கும் பொருள்களை விட்டுப்போகிறார்கள் என்றார். முதலில் கட்டிலில் ஒரு வாசனைக் கைக்குட்டை கிடந்தது. அப்புறம் குளியலறையில் ஒரு சீப்பு. இப்போது தலையணைக்குப் பக்கத்தில் ஒரு கூந்தல் கிளிப். பயந்துபோய்ச் சொந்தமாக ஒரு பூட்டு வாங்கி மாட்டியிருக்கிறார். கூட்டிப் பெருக்கக்கூட யாரையும் விடுவதில்லை. அப்படியும் வந்துகொண்டே இருக்கிறது.

போலீஸுக்குப் போகலாமே என்றாள் அண்ணி. வியாபாரத்தில் பேர் கெட்டுவிடும் என்றார் அவர்.

பொருள்களைப் பார்க்கலாமா என்று கேட்டாள். கிளிப் மட்டும்தான் இருந்தது. மஞ்சள் நிறம், ஒரு பல் உடைந்தது. மற்ற இரண்டையும் அருவருப்பில் கடலுக்குப் போய் வீசிவிட்டேன் என்றார். குடும்பத்தைப் பற்றிக் கேட்டதற்கு, மனைவி பல வருஷத்துக்கு முன்னாலேயே எவனோடோ ஓடிவிட்டாள், அந்தப் பேச்சே வேண்டாம் என்றார். பஸ் போய்விட்டது என்று சொல்கிற குரலில்தான் சொன்னார்.

அண்ணி ஜன்னலருகே போய் நின்றாள். கீழே விடுதியின் பின்கட்டு. சிமென்ட் போட்ட முற்றம், தண்ணீர்த் தொட்டி, உடைந்த கட்டில்கள் போட்டு வைத்த கொட்டகை, துவைக்கும் கல், பின்சுவரை ஒட்டித் துணி காயும் கொடிகள். ஒரு மூலையில் கடப்பாரையும் மண்வெட்டிகளும் சாத்தியிருந்தன. இங்கே என்ன வேலை நடக்கப்போகிறது என்று கேட்டாள். புதிதாக நாலு அறை கட்டப் போகிறார்களாம், நாளைக்கு முற்றத்தைத் தோண்ட ஆரம்பிக்கிறார்களாம் என்று டைல்ஸ் முதலாளி பளிச்சென்று சொன்னார். சொல்லிவிட்டு ஜன்னல் திரையை இழுத்துவிட்டார்.

மாடிப்படியில் இறங்கும்போது அண்ணி நின்றாள்.

"கீழ சாவி மாட்டுற பலகையைப் பாத்தியா?"

"பாத்தேன். எல்லாச் சாவியும் தொங்குது. சீசன் இல்லைல்ல. இந்த ஓட்டல்ல அவரும் கரப்பான்பூச்சியும்தான் தங்கியிருக்காங்க."

"முன்பக்க ரூம் எல்லாம் காலி. ஜன்னலைத் திறந்தா கடல். அதையெல்லாம் விட்டுட்டுத் துணி காயப்போடுற இடத்தைப் பாத்துக்கிட்டு ஏன் உக்காந்திருக்கார்?"

"துணி காயுறதைப் பாத்தா சிலருக்கு மனசு லேசாகும் அண்ணி. நம்ம அண்ணனுக்கு அதைக் காயப்போடச் சொன்னாத்தான் பாரமாயிடும்."

அண்ணி சிரிக்கவில்லை. கைக்குட்டையையும் சீப்பையும் கடலில் வீசியதாக அவர் சொன்னதை நினைவுபடுத்தினாள். வாசலை விட்டு இறங்கினால் மணல். இரண்டு பேர் செருப்பிலும் ஒட்டிய மணல் இன்னும் உதிர்ந்துகொண்டிருந்தது. அவர் ஷூவிலும் அறைத் தரையிலும் ஒரு துளி மணல் இல்லை. பெருக்கவும் ஆளை விடுவதில்லை. அந்த மனிதர் கடல் பக்கமே போனதில்லை. அந்தப் பொருள்களை வேறு எங்கோ, வேறு எப்படியோ இல்லாமல் செய்திருக்கிறார்.

"இன்னொண்ணு. பயந்தவன் என்ன செய்வான்?"

"பெட்டியைக் கட்டுவான்."

"இவர் பூட்டு வாங்கி மாட்டுறார். காசு குடுத்து நம்மைக் கூப்பிடுறார். ரூமை மட்டும் காலி பண்ண மாட்டேங்குறார்."

அப்போது மாடி நடையில் காலடிச் சத்தம் கேட்டது. விடுதிக்காரம்மா மடித்த துண்டுகளும் உறை போட்ட தலையணையுமாக வந்து அவர் கதவைத் தட்டினாள். சங்கிலி கழன்று, தலையணை நுழையும் அளவுக்குக் கதவு திறந்தது. ஒரு கை வெளியே நீண்டு எல்லாவற்றையும் வாங்கி உள்ளே இழுத்துக்கொண்டது. மறுபடி தாழ்ப்பாள், சங்கிலி, பூட்டு.

ரேடியோ வாயைப் பிளந்தான். உள்ளே யாரும் புகவே இல்லை. தலையணை உறைக்குள்ளேயும் துண்டு மடிப்புக்குள்ளேயும் வைத்துக் கொடுக்கிறார்கள். அவரே கைநீட்டி வாங்கி, அவரே கட்டிலில் போட்டு, அவரே பூட்டிக்கொள்கிறார்.

"முடிஞ்சுது. லாட்ஜ்காரம்மா. நான் போய் பஸ் டிக்கெட் வாங்கட்டுமா?"

"மேல போய் ஒரே ஒரு கேள்வி கேட்டுட்டு வா. நம்ம நம்பரை அவருக்கு யார் குடுத்தாங்க?"

ரேடியோ போனான். திரும்பி வரும்போது வாய் மூடியிருந்தது. அது அபூர்வம் என்பதால் அண்ணிக்கு விஷயம் பெரிது என்று புரிந்துவிட்டது.

"லாட்ஜ்காரம்மாவேதான் குடுத்திருக்காங்க அண்ணி. போலீஸ் வேண்டாம்னா ஒரு அம்மா இருக்காங்க, கூப்பிடுங்கன்னு எழுதியே குடுத்தாங்களாம். திருடனே ஸ்டேஷனுக்குப் போன் போட்ட மாதிரி இருக்கு."

"ஏன்னு அவங்களையே கேப்போம்."

விடுதிக்காரம்மா கீழே சலவை அறையில் தலையணை உறைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். நரைத்த தலையை இறுக்கிக் கட்டியிருந்தாள். அண்ணி மஞ்சள் கிளிப்பை மேஜைமேல் வைத்தாள். அந்த அம்மாள் அதை எடுத்துத் துடைத்து இடுப்பில் செருகிக்கொண்டாள்.

"சாப்பாட்டுக்கு முன்னாடியே வந்துடுவீங்கன்னு நெனச்சேன்" என்றாள்.

அவள் மறைக்கவில்லை. கேட்பதற்கு ஒரு ஆள் கிடைக்கட்டும் என்று காத்திருந்தவள் போல, கை ஒரு கணம்கூட நிற்காமல், உறை உறையாகத் தேய்த்துக்கொண்டே சொன்னாள்.

மாடியில் இருக்கிறவரின் மனைவி இவளுடைய கூடப்பிறந்த தங்கை. அக்காவான இவள், வீட்டுக்குப் பிடிக்காத கல்யாணம் செய்துகொண்டு தேசம் விட்டே போனவள். அப்புறம் அந்த வீட்டில் இவள் பேரை எடுக்க யாருக்கும் அனுமதி இல்லை. தங்கையின் கல்யாணத்துக்கும் அழைப்பில்லை. இவளை அந்த மாப்பிள்ளை போட்டோவில்கூடப் பார்த்ததில்லை. தங்கை மட்டும் திருட்டுத்தனமாகப் போன் பண்ணுவாள். அடிக்கிறான் என்று ஆரம்பத்தில் அழுவாள். பிறகு அழுவதையும் விட்டுவிட்டாள். அதுதான் இவளுக்கு அதிகப் பயமாக இருந்தது.

ஒருநாள் இந்த விடுதியிலிருந்து போன் வந்தது.

"அக்கா, நான் தனியா வந்து ஒரு ரூம் எடுத்திருக்கேன்னு சொன்னா. ஜன்னலைத் திறந்தா கடலாம். காலையிலேர்ந்து நடந்துக்கிட்டே இருந்தாளாம். எங்க போறே, எப்ப வருவேன்னு இன்னைக்கு ஒருத்தருமே என்னைக் கேக்கலக்கான்னு சொல்லிச் சிரிச்சா. அப்படி அவ சிரிச்சு நான் கேட்டதில்லை. வந்து உன்னைக் கூட்டிட்டுப் போறேன், அங்கேயே இருன்னு சொன்னேன். நான் வந்து எறங்கினப்போ ரூம் காலியா இருந்துச்சு. அவ கைக்குட்டையும் சீப்பும் இந்தக் கிளிப்பும் மட்டும் ஒரு மூலையில கிடந்துச்சு."

பெட்டியும் இல்லை, ஆளும் இல்லை. சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள் என்று அப்போதிருந்த முதலாளி நினைத்துக்கொண்டார். கணவன் போலீஸில் மனைவி எவனோடோ ஓடிவிட்டாள் என்று எழுதிக் கொடுத்தான். அந்த ஊர் எந்தத் திசையில் இருக்கிறது என்றுகூட எனக்குத் தெரியாது என்று சத்தியம் பண்ணினான். போலீஸ் வழக்கை மூடிவிட்டது.

இவள் மூடவில்லை. பழைய முதலாளி இறந்தபின் அவர் மகன்கள் விடுதியை விற்றபோது, இருந்ததையெல்லாம் வழித்துப் போட்டு வாங்கினாள். அறை அறையாகத் தேடினாள். பின்கட்டு முழுக்க அதற்குள் சிமென்ட் போட்டிருந்தார்கள். அதைப் பார்த்த அன்றே, தங்கை இதற்கடியில்தான் இருக்கிறாள் என்று அவளுக்கு மனதில் தட்டிவிட்டது. வருஷக்கணக்காகப் பொறுத்திருந்து, விடுதி நஷ்டமில்லாமல் நிலைத்து நின்றபிறகு, பின்முற்றத்தைத் தோண்டிப் புது அறைகள் கட்டப்போவதாகப் பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தாள். அவன் ஊர்ப் பத்திரிகையிலும் கொடுத்தாள்.

"அடுத்த வாரமே போன் வந்துச்சு. ஒரு ஆளுக்கு ரூம் வேணும். பின்பக்கமா இருந்தா நல்லதுன்னான். போனை வெச்சுட்டுச் சிரிச்சேன். அவ போனதுக்கப்புறம் நான் சிரிச்சது அன்னைக்குத்தான்."

ரேடியோ சுவரோடு ஒட்டிக்கொண்டு நின்றான்.

முற்றத்தை நீங்களே தோண்டிப் பார்த்திருக்கலாமே என்று அண்ணி கேட்டாள்.

"எலும்பு கிடைக்கும். அவன் மாலையோட வந்து மாரடிச்சுக்கிட்டு அழுவான். எவனோ கொன்னுட்டானே, நான் இந்த ஊர்ப் பக்கமே வந்ததில்லையேன்னு சொல்லுவான். அவன் இங்க வந்திருக்கான்னு அவன் வாயாலயே வரணும். நான் மட்டும் கேட்டாப் பத்தாது. அக்காக்காரி, வயித்தெரிச்சல்ல எதையும் சொல்லுவான்னு வக்கீல் தள்ளிடுவான். அவனே கூலி குடுத்து, அவனே கூட்டிட்டு வந்த ஆள் கேக்கணும். அதுக்குத்தான் உங்க நம்பரைக் குடுத்தேன்."

"அவர் வாயே திறக்கலைன்னா?"

விடுதிக்காரம்மாவின் கை முதல் முறையாக நின்றது. இஸ்திரிப் பெட்டி உறைமேல் அப்படியே இருந்தது. துணி கருகும் வாசனை கிளம்பியது.

"தெனமும் ரெண்டு வேளை என் கையாலதான் டீ குடிக்கிறான்."

அண்ணி சுவிட்சை அணைத்து, பெட்டியைத் தூக்கி நிமிர்த்தி வைத்தாள். டீ விஷயத்தை மறந்துவிட வேண்டும் என்று சத்தியம் வாங்கினாள். காலையில் ஆள்கள் வரட்டும், எந்த இடத்தில் கடப்பாரை போடுவது என்று நான் சொல்கிறேன் என்றாள். வெளியே வந்து இன்ஸ்பெக்டருக்குப் போன் செய்து வெகுநேரம் பேசினாள்.

"நம்ம கட்சிக்காரரையே பிடிக்கப் போறோம்" என்றான் ரேடியோ. "இதைப் போர்டுல எழுதினா அப்புறம் ஒரு பய நம்மகிட்ட வரமாட்டான்."

மறுநாள் காலையில் அண்ணி டைல்ஸ் முதலாளியின் கதவைத் தட்டினாள். ஆள் யாரென்று தெரிந்துவிட்டது, இனி ஒரு தொந்தரவும் இருக்காது, இன்றைக்கே நிம்மதியாக வீட்டுக்குக் கிளம்பலாம், யார் என்பதைப் போகும்போது சொல்கிறேன் என்றாள். எந்த மனிதனும் அந்த இடத்திலேயே பேரைக் கேட்டிருப்பான். அவர் கேட்கவில்லை. அவசரமில்லை, இந்தத் தோண்டுகிற வேலையெல்லாம் முடியட்டும், அப்புறம் கிளம்புகிறேன் என்றார்.

"ஓய்வெடுக்க வந்தவர் கடப்பாரைச் சத்தம் கேட்டுட்டுத்தான் போவாராம்" என்றான் ரேடியோ படியிறங்கும்போது.

கூலியாள்கள் நான்கு பேர் இருந்தார்கள். ஐந்தாவதாகத் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு நின்றவர் இன்ஸ்பெக்டர். அவர் தொப்பையைப் பார்த்துவிட்டு, இவ்வளவு சாப்பிட்ட கூலியாளை நான் பார்த்ததே இல்லை என்று ரேடியோ காதில் சொல்ல, அவர் மண்வெட்டிக் காம்பால் அவன் காலில் ஒரு இடி இடித்தார்.

முதலில் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் கடப்பாரை விழுந்தது. மேலே ஜன்னலில் டைல்ஸ் முதலாளி டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். பிறகு கொட்டகை. அவர் உறிஞ்சிக் குடித்துக்கொண்டிருந்தார். அண்ணி துவைக்கும் கல்லைக் காட்டினாள். அவள் மனதுக்குள் அந்த இடத்தைத்தான் குறித்து வைத்திருந்தாள். சிமென்ட் பெயர்ந்தது, மண் வந்தது. ஜன்னலில் இருந்தவர் டம்ளரை வைத்துவிட்டுக் கொட்டாவி விட்டார்.

தப்புக் கணக்குப் போட்டுவிட்டோமோ, ஒரு அப்பாவி மனிதரைச் சந்தேகப்பட்டுவிட்டோமோ என்று அண்ணிக்கு முதல்முறையாகத் தோன்றியது. விடுதிக்காரம்மாவின் பார்வை அவள்மேல் இருந்தது. மிச்சம் இருந்தது பின்சுவர் ஓரம் ஒன்றுதான்.

"அந்தக் கொடியைக் கழட்டுங்க" என்றாள்.

விடுதிக்காரம்மா காய்ந்த விரிப்புகளைத் தானே உருவி எடுத்தாள். ஆள் கடப்பாரையை ஓங்கினான். அண்ணி நிமிர்ந்து பார்த்தபோது ஜன்னலில் யாரும் இல்லை.

அவர் முற்றத்தில் இருந்தார். ஷூ மாட்டக்கூட நேரமில்லாமல் வெறுங்காலோடு வந்திருந்தார். மூச்சு வாங்கியது. முகத்தில் ஒரு சிரிப்பை ஒட்டிக்கொண்டு, கடப்பாரைக்காரனிடம் பக்குவமாகச் சொன்னார்:

"இந்தப் பக்கம் வேண்டாம்ப்பா. கீழ சாக்கடைக் குழாய் போகுது. உடைச்சிட்டீங்கன்னா ஊரே நாறிப்போயிடும்."

கடப்பாரை அந்தரத்தில் நின்றது.

"குழாயா?" என்றாள் விடுதிக்காரம்மா, விரிப்பை மடித்துக்கொண்டே. "நான் வாங்கும்போதே இங்க சிமென்ட்தான். இந்த இடத்துல குழாய் போகுதுன்னு எனக்கே தெரியாதே."

அவர் சிரிப்பைக் கொஞ்சம் அகலமாக்கினார். கட்டட சாமான் வியாபாரிக்குப் பார்த்தாலே தெரியும் என்றார்.

"எப்படித் தெரியும்?" என்றாள் அண்ணி. "இங்க எல்லா பாத்ரூம் தண்ணியும் முன்பக்கம் தெருவுக்குப் போகுது. மேல பாத்தா இந்தப் பக்கம் ஒரு துவாரம்கூட இல்லையே."

"பழைய முதலாளி சொன்னார்."

"எப்போ?"

பதில் வாய் வரை வந்தது. வந்த இடத்திலேயே நின்றுவிட்டது. பழைய முதலாளி இறந்து ரொம்ப வருஷம் ஆகிறது என்பதை விடுதிக்காரம்மா சொல்ல வேண்டியிருக்கவில்லை. இந்த ஊருக்கே இதுதான் முதல் தடவை என்று நேற்று சொன்னதை அண்ணியும் எடுத்துக்காட்ட வேண்டியிருக்கவில்லை. அந்த முகம் எல்லாவற்றையும் தானே கூட்டிக் கழித்துப் பார்த்துக்கொண்டிருந்தது. ஐந்தாவது கூலியாள் தலைத்துண்டை அவிழ்த்து உதறித் தோளில் போட்டுக்கொண்டார்.

அந்த ஆள் போலீஸ் என்று புரிந்ததும் டைல்ஸ் முதலாளி அண்ணியிடம் பாய்ந்தார்.

"உன்னைக் கூலி குடுத்துக் கூப்பிட்டது நான்."

"ஆமா. ரூமுக்குள்ள அந்தப் பொருளையெல்லாம் அனுப்புறது யாருன்னு கேட்டீங்க. இவங்கதான். உங்க மனைவியோட அக்கா. எல்லாரும் என்னை அண்ணிங்கிறாங்க. நீங்க முறைப்படி அண்ணின்னு கூப்பிட வேண்டியது இவங்களை."

அவன் திரும்பி அந்த அம்மாளைப் பார்த்தான். இத்தனை நாளும் கதவிடுக்கில் கையை மட்டும் நீட்டியவன், அப்போதுதான் அவள் முகத்தை நேராகப் பார்த்தான். அந்த மூக்கு, அந்த நெற்றி. அப்படியே சிமென்டில் உட்கார்ந்துவிட்டான்.

அன்றைக்கு இங்கே குழாய் போட வெட்டி, பிறகு போடாமலே விட்ட பள்ளம் திறந்து கிடந்திருக்கும், அதனால் அவனுக்குத் தோண்டுகிற சிரமம்கூட இருந்திருக்காது என்றாள் அண்ணி. அவன் மறுக்கவில்லை. வரச் சொன்னேன், வரமாட்டேன்னு சொன்னா என்று மட்டும் சொன்னான். அவன் வாழ்க்கையில் யாரும் அவனிடம் அப்படிச் சொன்னதில்லை என்பதுபோல, அதையே திரும்பச் சொன்னான்.

இன்ஸ்பெக்டர் அவன் தோளைப் பிடித்துத் தூக்கி ஜீப்புக்கு நடத்தப் பார்த்தார். விடுதிக்காரம்மா குறுக்கே வந்து நின்றாள்.

"வெளிய எடுக்குற வரைக்கும் அவன் இங்க இருக்கட்டும்."

அது சட்டத்தில் இல்லை என்று இன்ஸ்பெக்டர் தயங்கினார். யாராவது வேண்டாம் என்று சொல்லட்டும் என்று அண்ணியைப் பார்த்தார். ரேடியோவும் அண்ணியைப் பார்த்தான். அண்ணி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

ஒரு கூலியாள் கொட்டகையிலிருந்து நாற்காலி கொண்டுவந்து பள்ளத்தின் ஓரத்தில் போட்டான். அவனை அதில் உட்கார வைத்தார்கள். அவன் கண்ணை மூடிக்கொண்டான்.

"தெறடா" என்றாள் விடுதிக்காரம்மா. குரலை உயர்த்தவில்லை. அவன் திறந்தான்.

சிமென்ட் உடைந்தது. கடப்பாரையை வைத்துவிட்டு மண்வெட்டி எடுத்தார்கள். கொஞ்ச நேரத்தில் அதையும் வைத்துவிட்டுக் கையாலேயே மண்ணை அள்ளத் தொடங்கினார்கள். ஒருவன் "சார், இங்க பாருங்க" என்று மெதுவாகக் கூப்பிட்டான். எல்லோரும் குனிந்து பள்ளத்தைப் பார்த்தார்கள். விடுதிக்காரம்மா குனியவில்லை. மடித்த விரிப்பை மார்போடு அணைத்தபடி, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.